மையும் மனமும்

நம் சங்கத்து நூலகக் கூடத்தில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில் ஒரு சிறு கூட்டம் கூடுவதை அன்பர்கள் அறிவார்கள். மை ஊற்றி எழுதும் பேனாக்களிடம் பற்றுக் கொண்ட பதினைந்து பதினாறு பேர், தத்தம் பேனாக்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, மேசைமீது பரப்பி, ஒருவர் பேனாவால் மற்றவர் எழுதிப் பார்த்து மகிழ்கின்றனர். அங்கே சுண்டலும் காபியும் உண்டு. தமிழ்ப் பேச்சும் உண்டு. சென்ற ஆண்டு அங்கே மனத்தாங்கலும் உண்டாயிற்று. அதைப் பற்றியே இம்மாதம் இப்பகுதியில் எழுத எண்ணினோம்.

“பேனாவுக்காகவா சண்டை?” என்று நகைப்போர் இருக்கலாம். நிலத்துக்காகச் சண்டையிடுவோர்க்கு நீதிமன்றம் இருக்கிறது. பேனாவின் முள்ளைப் பற்றிப் பேசி மனம் கசந்தவர்க்கு எந்த மன்றம் இருக்கிறது? சொந்த ஊராயின் கோயிலிலும் கடைத்தெருவிலும் உறவினர் வீட்டுத் திருமணத்திலும் மீண்டும் மீண்டும் முகம் பார்க்க நேரும். கசப்பு தானே கரையும். கொல்கத்தாவில் வாழும் நமக்கோ கூடும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்றிலிருந்து ஒருவர் விலகினால், அவர் ஒரு பொழுதுபோக்கை மட்டும் இழப்பதில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம் தாய்மொழி கேட்கும் இடத்தையும் இழக்கிறார். ஆதலின் இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

பேனாவைப் பற்றி மனிதர் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகின்றனர்? அதற்கும் காரணம் உண்டு. ஜாதவ்பூர்ப் பக்கம் போகிறவர்கள் ‘சுலேகா’ என்ற பேருந்து நிறுத்தத்தை அறிவார்கள். அப்பெயர் ஒரு மை ஆலையால் வந்தது. அந்நிய மையை விலக்கி நாட்டு மையால் எழுத வேண்டும் என்ற காந்தியடிகளின் விருப்பத்தையொட்டி, 1934-இல் மைத்ரா சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. 1980-களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் திறந்து, 2020-இல் பேனா மையை மறுபடியும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்தளித்த பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935-இல் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்ட் கம்பெனியும் திருவள்ளூரின் ரங்கா பேனாவும் நம்மவர் பலர்க்கு ஊர் நினைவைத் தருவன. இவ்வாறு பேனாவோடு நாட்டுப்பற்று வருகிறது, ஊர்ப்பற்று வருகிறது, முதற் சம்பளமும் தந்தையின் கையெழுத்தும் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் “என் பேனா” என்று சொல்லும்போது இவ்வளவும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. கேட்பவர் காதில் விழுவதோ பேனா என்ற சொல் ஒன்றே.

நிற்க. நடந்தவற்றைச் சொல்வோம்.

சென்ற ஆண்டு ஆனி மாதக் கூட்டத்துக்கு ஓர் இளம் அம்மையார் முதல் முறையாக வந்தார். கணவரின் பணிமாற்றத்தால் நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. வங்க மொழி இன்னும் பழகவில்லை. அவர் கையில் ஒரே ஒரு பேனா இருந்தது. எஃகு முள் உடையது. நானூறு ரூபாய்க்கு வாங்கியது. மேசைமீதோ தங்க முள் பேனாக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றால் இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டு, “நன்றாக எழுதுகிறது, என் பேனாவும் இதே அளவு நன்றாகத்தான் எழுதுகிறது” என்றார். உடனே ஓர் அன்பர், “தங்கத்துக்கும் தகரத்துக்கும் வேற்றுமை தெரியாதவர்களும் நம் கூட்டத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்” என்றார். எல்லாரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். அம்மையாரும் சிரித்தார், பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அவர் கூற்றில் பிழை உண்டா என்று பார்ப்போம். காகிதத்தில் உராய்வது முள்ளின் நுனி. தங்க முள்ளாயினும் நல்ல எஃகு முள்ளாயினும் அந்நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடிய உலோகங்களின் கலவையே சிறு மணியாகப் பற்றவைக்கப்படுகிறது. தங்கம் மென்மையானது, அது காகிதத்தில் உராய்ந்தால் விரைவில் தேயும். அப்படியானால் முள்ளுக்குத் தங்கம் எதற்கு? பழைய மைகள் புளிப்புத் தன்மை மிகுந்தவை. சாதாரண எஃகை அரிப்பவை. அந்த அரிப்பைத் தங்கம் தாங்கும். இக்காலத்துச் சாய மைகள் பெரும்பாலும் மென்மையானவை. துருப்பிடிக்காத எஃகு அவற்றை நெடுநாள் தாங்கும். முள் வளைந்து கொடுப்பதும் உலோகத்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் தடிப்பையும் வடிவத்தையும் பொறுத்தது. ஆகவே நன்கு செய்த எஃகு முள், தங்க முள்ளுக்கு ஈடாக எழுதுவதில் வியப்பில்லை. அம்மையார் சொன்னது சரி. நகைத்தவர்களே அறியாதவர்கள்.

இரண்டாம் நிகழ்ச்சி ஐப்பசிக் கூட்டத்தில் நடந்தது. எண்பதைக் கடந்த நம் பெரியவர் ஒருவர் தம் தந்தையார் பயன்படுத்திய ‘பார்க்கர் 51’ பேனாவைக் கொண்டு வந்திருந்தார். தந்தையார் இந்நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்தவர். “1944-இல் அப்பா வாங்கியது” என்று சொல்லி, பேனாவை மேசையின் நடுவே வைத்தார். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் அதனை எடுத்து, பின்பகுதியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு எல்லாரும் கேட்க, “இது 1944-இல் வாங்கியதாக இருக்க முடியாது. இந்த அமைப்பு அப்போது இல்லவே இல்லை. யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்” என்றார்.

இளைஞர் கூறியதில் ஆண்டுக் கணக்குச் சரியானதே. பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941-இல். தொடக்கத்தில் பேனாவின் வால்முனையில் உள்ள சிறு குமிழைப் பலமுறை அழுத்தி மை ஏற்ற வேண்டும். உலோக உறைக்குள் ஒளி ஊடுருவும் பையை வைத்து, பக்கத்துத் தகட்டை அமுக்கி மை ஏற்றும் அமைப்பு 1948-இல்தான் வந்தது. பெரியவரின் பேனாவில் இருந்தது இந்தப் பிந்திய அமைப்பு.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. பெரியவர் பேனாவை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். “அப்பா யாரையும் ஏமாற்றியதும் இல்லை, யாரிடமும் ஏமாந்ததும் இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி வருமுன்னே எழுந்து போனார். இந்தப் பேனாக் கூட்டத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதலாவதில் உண்மை சொன்னவர் நகைக்கப்பட்டார். இரண்டாவதில் உண்மை சொன்னவர் பிறரைப் புண்படுத்தினார். ஆகவே “உண்மையைப் பேசுக” என்ற ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை நடத்த இயலாது. எதைப் பற்றி வாதிடுகிறோம் என்ற தெளிவும் வேண்டும்.

பேனா அன்பர்களின் வாதங்களைக் கூர்ந்து நோக்கினால் அவை மூன்று வகையாக இருக்கக் காண்கிறோம்.

முதல் வகை, சோதித்து முடிவு காணத்தக்கவை. மாசிக்காய்ச் சாற்றையும் அன்னபேதியையும் அடிப்படையாகக் கொண்ட மை, எழுதும்போது வெளுத்துத் தோன்றிக் காற்றுப் பட்டுக் கறுக்கும். நீர் பட்டாலும் பெரும்பாலும் அழியாது. பத்திரம் எழுதுவோர் அதனை விரும்பியது அதனால்தான். ஆனால் அது புளிப்புள்ளது; பேனாவுக்குள் உலர விட்டால் படிந்து அடைக்கும். “அந்த மை பேனாவைக் கெடுக்கும்” என்று ஒருவரும், “நாற்பது ஆண்டாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று மற்றவரும் நம் கூடத்தில் இரண்டு மாதம் வாதிட்டனர். விசாரித்ததில், முன்னவர் பேனாவை மையோடு மேசையறையில் போட்டு மறப்பவர். பின்னவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீர்விட்டு அலசுபவர். அதிலும் அவருடையது தங்க முள். இருவரும் தம் அனுபவத்தை உண்மையாகவே சொன்னார்கள். எந்தப் பேனா, எந்த மை, எத்தகைய காகிதம், எத்தனை நாள் என்பவற்றை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

பருவமும் இதில் சேரும். ஆடி ஆவணியில் இந்நகரத்துக் காற்றின் ஈரத்தைக் காகிதம் இழுத்துக்கொள்கிறது. அப்போது மை மெல்ல உலரும். சில காகிதங்களில் ஓரம் பிசிர் பிசிராய்ப் படரும். தில்லியின் வறண்ட கோடையில் அதே மை நொடியில் உலரும். தில்லியிலிருந்து வந்த விருந்தினர் புகழ்ந்த மையை நம் அன்பர் இகழ்ந்ததும், விருந்தினர் முகம் சுளித்ததும் இதனாலேயே.

இரண்டாம் வகை, சுவை பற்றியவை. மெல்லிய எழுத்து வேண்டுவார் சிலர். பருத்த எழுத்து வேண்டுவார் சிலர். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிச் செய்யும் எபனைட் பேனா, வெயிலும் ஈரமும் பட்டு நாளடைவில் பழுப்பாகும். தேய்த்து மெருகேற்றினால் கருமை திரும்பும்; ஆனால் மேலே பொறித்த பெயரும் கோலமும் தேயும். முதுமையின் நிறத்தை அப்படியே காப்பது ஒருவர் சுவை. புதிதுபோல் ஆக்கிப் பயன்படுத்துவது மற்றவர் சுவை. இழப்பது எது, பெறுவது எது என்று சொல்லலாம். அதன்பின் பேனாவுக்கு உரியவர் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் வகை, மனம் பற்றியவை. தந்தையின் பேனா, மணமான புதிதில் மனைவி வாங்கித் தந்த பேனா, தேர்வில் வென்றதற்கு ஆசிரியர் தந்த பேனா ஆகியவை பற்றி ஒருவர் பேசும்போது அவர் நம்மிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. கேட்க ஒரு காது கேட்கிறார்.

வாதம் கெடுவது இவ்வகைகள் ஒன்றோடொன்று குழம்பும்போதுதான். சோதிக்கத்தக்கதைச் சிலர் குரலை உயர்த்தித் தீர்க்க முயல்கின்றனர். தம் சுவையைச் சிலர் சட்டமாக்குகின்றனர். பிறர் மனத்தைச் சிலர் சோதனைக்கு உட்படுத்துகின்றனர். ஆனி மாதத்தில் நாம் செய்தது முதலாவது தவறு. அந்த மேசையிலேயே இரு பேனாக்களும் காகிதமும் இருந்தன, எழுதிப் பார்த்திருக்கலாம். ஐப்பசியில் நடந்தது மூன்றாவது தவறு.

கடுமையாகப் பேசும் வழக்கமுடைய ஓர் அன்பர் நம்மிடம், “இறைவனிடமே குற்றம் கண்டவர் நக்கீரர். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல அஞ்சலாமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மதுரைச் சங்கத்தைப் பற்றிய அக்கதையை நாமும் பெருமையோடு சொல்லி வருகிறோம். ஆனால் அக்கதையில் நக்கீரர் எதிர்த்து நின்றது தம்மினும் வலியவரை. நானூறு ரூபாய்ப் பேனாவோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்த ஒருவரை நகைப்பதற்கு நக்கீரரைத் துணைக்கு அழைக்க நமக்கு உரிமையில்லை.

பெரியவர் போன பிறகு மூன்று வாரம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அந்த இளைஞர், ஒருவரும் சொல்லாமலே, அவர் வீட்டுக்குச் சென்றார். “மாமா, ஆண்டைப் பற்றி நான் சொன்னது சரிதான். சொன்ன இடமும் சொன்ன விதமும் தவறு. ஏமாற்றியதாகச் சொன்னது பெருந்தவறு. அதற்கு என்னிடம் ஆதாரமே இல்லை. மன்னிக்க வேண்டும்” என்றார். பெரியவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, “உட்காரப்பா, காபி சாப்பிடு” என்றாராம்.

மறுநாள் பெரியவர் சென்னையிலுள்ள தம் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். தந்தையார் கல்கத்தாவுக்கு வந்தது 1944. பேனா வாங்கியது 1951-இல், பதவி உயர்வு கிடைத்தபோது. சிறுவயதில் பலமுறை கேட்ட இரண்டு கதைகள் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டன. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மார்கழிக் கூட்டத்துக்கு வந்த பெரியவர் எழுந்து நின்று, “ஆண்டைத் தவறாகச் சொன்னது நான். திருத்தியவர் இந்தத் தம்பி” என்று தாமே அறிவித்தார். எண்பது வயதில் இருபத்தைந்து வயதினரிடம் பிழையை ஒப்புக்கொள்வது எளிதன்று. அன்று அந்தப் பேனாவால் முதலில் எழுதிப் பார்க்குமாறு அவர் கொடுத்தது அவ்விளைஞரிடம்.

அக்கூட்டத்தில் அன்பர்கள் கலந்து பேசிச் சில வழக்கங்களை மேற்கொண்டனர். பிற குழுவினர்க்கும் அவை பயன்படலாம் என்பதால் இங்குத் தருகிறோம்.

முதலாவது, ஒரு பேனாவைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் அதனால் ஐந்து வரியேனும் எழுதிப் பார்க்க வேண்டும். உரியவர் இசைவு பெற்றே தொட வேண்டும். கழற்றிப் பார்க்க வேறு இசைவு கேட்க வேண்டும்.

இரண்டாவது, மையைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் பேனாவையும் காகிதத்தையும் பருவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதிக்கக் கூடியதைச் சோதித்த பிறகே வாதிட வேண்டும். மை நீரில் அழியுமா என்று அறிய ஒரு வரி எழுதி, ஒரு நாள் உலரவிட்டு, இரண்டு சொட்டு நீர் விட்டால் போதும்.

மூன்றாவது, சுவையைச் சொல்லும்போது “எனக்கு” என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். “தடித்த முள் எனக்குப் பிடிக்காது” என்பதற்கும் “தடித்த முள்ளால் எழுதுவது அழகன்று” என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

நான்காவது, பேனாவின் பழமையைப் பற்றியோ உண்மையைப் பற்றியோ ஐயம் எழுந்தால், உரியவர் விரும்பினால் மட்டும், அவரிடம் தனியே சொல்ல வேண்டும்.

இந்த நான்காம் வழக்கத்துக்கு ஒரு விலக்கு உண்டு. பேனா விலைக்கு வந்தால் கதை வேறு. தங்க முலாம் பூசிய எஃகு முள்ளைத் தங்க முள் என்று ஒருவர் விற்கும்போது நாம் வாய் மூடியிருந்தால், அதற்குப் பண்பு என்று பெயரில்லை. 14 காரட் தங்க முள்ளில் 585 என்ற எண்ணோ காரட் அளவோ பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டி விற்பவரிடம் முதலில் தனியே கேட்க வேண்டும். பலர் அறியாமலே தவறிவிடுகின்றனர். அவர் திருத்திக்கொள்ள மறுத்தால் வாங்குபவரிடம் சொல்லியே தீர வேண்டும். இன்சொல் வேறு, உடந்தை வேறு.

ஐந்தாவது வழக்கம் புதியவரைப் பற்றியது. முதன்முறை வருபவர் கொணர்ந்த பேனாவையே அன்று எல்லாரும் முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தாம் வழக்கத்தை முன்மொழிந்தவர், ஆனி மாதத்தில் தகரம் என்று சொன்ன அதே அன்பர் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

ஆனால் அது காலம் கடந்து வந்த வழக்கம். நாம் அந்த இளம் அம்மையாரின் இல்லம் தேடிச் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. கணவர்க்கு மறுபடியும் மாற்றலாகி வேறு நகரம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி சொன்னார். இங்கிருந்த ஏழெட்டு மாதமும் அவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்ததாகவும், பேச ஆளில்லை என்று ஒருமுறை சைகையால் உணர்த்தியதாகவும் கூறினார். திரும்பி வரும் வழியெல்லாம் அன்று நகைத்த நம் குரல் நம் காதிலேயே ஒலித்தது.

இவ்விதழ் பல நகரங்களிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அஞ்சலில் செல்கிறது. அவ்வம்மையார் எங்கேனும் இதனைப் படிப்பாராயின், அவர்க்கு நாம் சொல்ல வேண்டியது இது: தாங்கள் அன்று கூறியது முழுவதும் சரி. நகைத்தது எம் பிழை. மார்கழிக் கூட்டத்தில் ஓர் எஃகு முள்ளையும் ஒரு தங்க முள்ளையும் துணியால் மறைத்துப் பன்னிருவரிடம் கொடுத்து எழுதச் சொன்னோம்; வேற்றுமையைச் சரியாகச் சொன்னவர் ஐவரே. தங்களைத் தகரம் என்று நகைத்தவரும் நாமும் அந்த ஐவரில் இல்லை.